ஸ்லீப்பர் கட்டை வீடுகள்

பொக்கைக்கு முன்பல் இரண்டும் கிடையாது. பெயர் அதனால் வந்ததுதான். திட்ட அலுவலகத்தில் மேலதிகாரி முதல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பாள். பல் கட்டிக்கொள்ளச் சொன்னவர்களிடம், "கடிக்கறதுக்கு இருக்கறதே போதும்" என்பாள்.

பல் போன கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அவள் அண்ணன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய தகர வீடுகளில் அவர்கள் பிறந்து வளர்ந்தார்கள். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு காலையில் இடிக்கிற வண்டி வந்தது. கூடவே தடியோடு ஆட்கள். அப்பா தண்டவாளம் பழுது பார்ப்பவர், கையில் கடப்பாரை இருந்தது. முதலில் வந்தவனுக்கு முழங்கால் சில்லு தெறித்தது. அடுத்தவனை அடிக்கக் கடப்பாரையைப் பின்னால் ஓங்கினார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மகளின் வாயில் அதன் மறுமுனை பாய்ந்தது. அதை அவர் பார்க்கவேயில்லை. திரும்புவதற்குள் அவர் மண்டையில் தடி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு சரியாக வரவில்லை, அதிக நாள் இருக்கவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் வரிசை முழுவதும் தரைமட்டம். ஜனங்கள் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடியும் வீடு நிறுத்தினார்கள். அண்ணன் தங்கையின் வாயைத் திறந்து காட்டிக் காட்டியே தலைவனானான். "பச்சப் புள்ள வாயில தடியால குத்தினானுங்க, பாத்துக்கங்க" என்பான். அது அப்படியில்லை என்று அவளுக்குத் தெரியும். ரத்தத்தோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டாள்.

வளர்ந்ததும் திட்ட அலுவலகத்தின் மரப்பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். கட்டப்போகும் கட்டடங்களுக்கு அங்கே மரத்தில் சின்ன மாதிரி செய்வார்கள். பார்த்துப் பார்த்து அறுக்கவும் இழைக்கவும் கற்றுக்கொண்டாள். ஒரு மயிரிழை கூடினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அறுப்பாள். பழைய மாதிரிக்காரர் ஓய்வு பெற்றபோது அவர் மேசை அவளுடையதாயிற்று.

அப்போதுதான் ரயில் நிலையத்தைச் சுற்றிய நிலத்துக்குத் திட்டம் வந்தது. சரக்கு வண்டித் தடங்களைப் பெயர்த்தாகிவிட்டது. அந்த இடத்தில் வசதியுள்ளவர்களுக்குப் பெரிய வீடு, தகரக் குடியிருப்பு ஜனங்களுக்குச் சின்ன வீடு. பெரியது விற்கிற காசில் சின்னது எழும்பும். எது எங்கே நிற்பது என்பதுதான் பேச்சு. ஒரே படிக்கட்டில் பெரிய வீடும் சின்ன வீடும் கலந்து வரவேண்டும் என்று திட்டத்தைப் பொறுப்பேற்றிருந்த அதிகாரியம்மா வரைந்திருந்தார். குடிவரப் போகிறவர்களே மாதிரியின் வீட்டுக் கட்டைகளை நகர்த்திப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று மாதிரியை ரயில் நிலையத்தின் பார்சல் கிடங்கில் வைக்கச் சொன்னார்.

பொக்கை முதலில் லேசான மரத்தில் செய்தாள். விரைவு ரயில் நிற்காமல் போன வேகத்தில் வீடெல்லாம் பறந்து தரையில் உருண்டது. "கட்டறதுக்கு முன்னாடியே காத்துல போகுதே" என்று சனம் சிரித்தது. அவளுக்கு ரோஷம். தண்டவாளத்தடியிலிருந்து கழித்துப் போட்ட ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கி அறுத்தாள். ரம்பத்தின் பல் போயிற்று, கட்டை லேசில் அறுபடவில்லை. சின்ன வீடு ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமாக, இரும்புக் கனத்தில் வந்தது. அடுத்த ரயிலுக்கு ஒரு வீடும் நகரவில்லை என்ற பெருமையில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு முன்பே அண்ணன் பட்டறைக்கு வந்தான். நிலைய வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தான். கையெல்லாம் சங்கிலி மசகு.

"நம்ம வீட்ட எல்லாம் ஒரே பக்கம் சேத்து வைக்கச் சொல்லு. சேந்து இருந்தாதான் நம்ம கை ஓங்கும்."

"சேந்துதானே அண்ணே இருந்தோம். ஒரே நாள்ல இடிச்சான். கலந்து இருந்தா எந்த வீட்ட இடிக்கறதுன்னு வண்டிக்காரனுக்கே தெரியாது."

"அவனுங்க படியில நம்ம பொம்பளைங்க குடத்தோட ஏறுவாங்களா? மூக்கப் பொத்திக்குவானுங்க."

"பொத்திக்கட்டும். மூச்சு முட்டினா தானா கைய எடுப்பான்."

அவன் மசகுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

கூட்டத்தன்று கிடங்கு நிறைந்து வழிந்தது. பெரிய வீட்டுக்கு முன்பதிவு செய்தவர்கள் சார்பில் பேசியவர் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காலம் பூராவும் ரயிலில் நின்றுகொண்டே போய் வந்த மனிதர், உட்கார ஒரு வீடு வாங்குகிறார். அதைப் பொக்கை குறை சொல்ல மாட்டாள். ஆனால் அவர் மேசைக்கு வந்து, படிக்கட்டிலிருந்து சின்னக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, கழிவுநீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அடுக்கினார். நடுவே தன் அளவுகோலைச் சுவராகப் படுக்க வைத்தார்.

"இப்படித் தனி வாசல் குடுத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார்.

"என் வீட்டத் தூக்கிக் கக்கூஸ் பக்கம் வைக்க நீ யாருய்யா?" என்றான் அண்ணன்.

"டிக்கெட் இல்லாம ஏறினவங்கள இறக்கி விடறதுதான் தம்பி என் தொழில்."

முன்வரிசை சிரித்தது. பின்வரிசை எழுந்தது. யாரோ யாருடைய கழுத்துப் பட்டையையோ பிடித்தார்கள். நாற்காலி ஒன்று தலைகளுக்கு மேலே போய், ஒரு கிழவரின் தோளில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து விரைவு ரயில் வந்தது. ரயில் போகும்போது அங்கே யாரும் பேசுவதில்லை, அது பழக்கம். வாயெல்லாம் மூடிக்கொண்டது. கைகள் மட்டும் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தன. கடிக்கும் குத்துக்கும் கீறலுக்கும் ஒலியே இல்லை. அந்த இரைச்சலுக்குள் அண்ணன் மேசையிலிருந்து ஒரு சின்ன வீட்டை எடுத்ததை, எடை பார்த்ததை, எறிந்ததைப் பொக்கை பார்த்தாள்.

ரயில் போன பிறகுதான் பரிசோதகரின் அலறல் கேட்டது. வலது கண் இருந்த இடத்தில் விரல்களை வைத்து மூடியிருந்தார். விரலிடுக்கில் வழிந்தது மாதிரியின் தெருக்களில் சொட்டியது. மேசைமேல் மிச்சமிருந்த ஒரு வீடும் நகர்ந்திருக்கவில்லை.

கண் போய்விட்டது. எறிந்தது யார் என்று கேட்டால், தகரக் குடியிருப்பில் ஒருவரும் பார்க்கவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் பக்கத்து ஆளே குறி தப்பி எறிந்தான் என்றும் சொன்னார்கள். அதிகாரியம்மா பட்டறைக்கு வந்து, அறுபட்ட மரத்தூள் மேல் நின்றபடி பேசினார்.

"எறிஞ்ச ஆள் இன்னார்னு தெரிஞ்சா அது ஒருத்தன் செஞ்ச குத்தம். தெரியலைன்னா மொத்த சனமும் செஞ்சதுன்னு மேல எழுதுவாங்க. சுவர் வந்துடும். என்னால நிறுத்த முடியாது. நாளைக்கு விசாரணை."

அவர் போனதும் அண்ணன் வந்தான். கதவைச் சாத்தினான்.

"நீ எதையும் பாக்கல."

"பாத்தேன் அண்ணே."

அறைந்தான். அவள் ரம்ப மேசையில் மோதி, பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மறுபடி அறைந்தான். உதடு கிழிந்தது.

"இன்னும் பல்லு மிச்சமிருக்கு. எடுத்துக்க. ஆனா சுவர் வந்தா, அந்தப் பக்கம் எப்ப வேணா வண்டி வரும். உன் புள்ளைங்கதான் வாயக் காட்டிக்கிட்டு நிக்கும்" என்றாள்.

அவன் அவள் கழுத்தைப் பிடித்தான். மூச்சுக்குத் தவித்துத் துழாவிய கையில் உளி தட்டுப்பட்டது. அதை அவன் விலாவில் வைத்து, குத்தாமல், அழுத்தினாள். சட்டையில் புள்ளியாக ரத்தம் வந்ததும் விட்டுவிட்டான். இருவரும் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் வீங்கிய வாயோடு விசாரணையில், "என் அண்ணன்தான். அவன் ஒருத்தன் மட்டும்தான்" என்றாள்.

"உன் பல்ல உடைச்சவனுங்களுக்கா சாட்சி சொல்ற?" என்று பின்னாலிருந்து அண்ணி கத்தினாள்.

"பல்ல உடைச்சது எங்கப்பா. கடப்பாரை பின்பக்கம் பட்டுது" என்றாள் பொக்கை, திரும்பாமல்.

அண்ணன் கையில் விலங்கு. வெளியே வந்தபோது அவள்மேல் கல் விழுந்தது. எறிந்தவர்கள் அவளுக்குத் தாலாட்டுப் பாடியவர்கள். காதோரம் கிழிந்து, தைத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

சுவர் வரவில்லை. படிக்கட்டு வரைந்தபடியே எழும்பியது. கீழ்த்தளம் பொக்கைக்கு, அதற்கு மேல் ஒற்றைக் கண்ணோடு பரிசோதகர், அவருக்கும் மேல் அண்ணி. சிறையிலிருந்து வந்த அண்ணன் நேரே அங்கேதான் வந்தான். பொக்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் துப்பிவிட்டுப் படியேறினான். வளைவில் பரிசோதகர் எதிரே வந்தார். கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"யாரு வீட்டுக்கு?"

"என் வீட்டுக்கு" என்றான் அண்ணன். முஷ்டி மடங்கியது. கைத்தடி உயர்ந்தது. இடம் குறுகல், ஓங்கினால் சுவரில்தான் இடிக்கும். இரண்டு பேரும் தோளை உரசிக்கொண்டு, ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கடந்தார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் தினமும் இரும்புக் கட்டிலைப் பரிசோதகரின் தலைக்கு மேலே தரதரவென்று இழுக்கிறான். பரிசோதகர் கைத்தடியால் கூரையை இடிக்கிறார். பக்கத்து நிலையத்துத் தகர வீடுகளுக்குப் போகும் இடிக்கிற வண்டி சில நாள் இந்த வாசலைத் தாண்டும். அப்போது மட்டும் மேலே இரண்டு சத்தமும் நின்றுவிடும். வண்டி நிற்காமல் போகும். அதன் இரைச்சல் அடங்கியதும் கட்டில் நகரும். பொக்கை கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த நிலையத்துக்கான வீடுகளை இழைக்க உட்காருவாள். இப்போதெல்லாம் கட்டைகளை மேசையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கிவிடுகிறாள்.