தண்ணீர் கேட்ட வாத்தியார்

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். செடெனாக் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். ஒல்லி உடம்பு, காதில் செருகிய சாக்பீஸ். எங்களை வீடுவீடாகப் பிடியரிசி சேர்க்கவைத்து, வேலை போனவர்களின் லயத்து வீடுகளுக்கு அழைத்துப் போவார். அரிசியைக் கொடுக்கும் முன், "தாகமா இருக்கும்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டுக் குடிப்பார். நாங்களும் குடிக்க வேண்டும்.

"அவங்க வேற சாதி, சார். குடிச்சா எங்கம்மா அடிப்பாங்க" என்றான் என் கூட்டாளி, ஒரு வீட்டு வாசலில்.

"அவங்க தண்ணி உனக்கு வேணாம்னா, உன் அரிசியும் அவங்களுக்கு வேணாம். எடுத்துட்டுப் போ."

அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

அடுத்த வாரம் போனோம். அந்த வீட்டு அம்மாள் அரிசிப் பையைப் பார்க்கவேயில்லை. பளபளவென்று துலக்கிய செம்போடு, எங்களுக்காக வாசலிலேயே நின்றிருந்தார்.