புளி போட்டு மினுக்கிய காசு

நம்பி ஏமாந்தால் வெட்கப்பட வேண்டியவர் யார்? நம்பியவரா, நம்பவைத்தவரா? ஒட்டுசுட்டான் தபாலகத்தில் வேலை செய்யும் கௌசலாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

கடிதங்களில் மங்கலாக விழுந்த தேதி முத்திரைகளை இருபது வருடம் படித்துப் பழகிய கண் அவளுடையது. அதே கண்ணால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இணையத்தில் படம் போட்டுக் கேட்கும் கிரேக்க எழுத்துப் பொறித்த உரோமை மாகாண வெண்கலக் காசுகளையும் படித்தாள். பெரிய அறிஞர் என்று சொல்லமுடியாது. பிழை விட்டும் இருக்கிறாள். ஆனால் தெரியாததைத் தெரியாது என்பாள்.

முன்பு அவளோடு வேலை பார்த்த முத்துலிங்கம், தன் வயலை உழும்போது கிடைத்ததென்று ஒரு காசு கொண்டுவந்தார். அது பளபளவென்று இருந்தது.

"ஐயோ அண்ணை, புளி போட்டே மினுக்கினனீங்கள்? மண் ஒட்டியிருந்தாலெல்லோ எங்க கிடந்ததெண்டு சொல்லலாம்!"

"குத்துவிளக்கு மினுக்கிற கை, தங்கச்சி. சும்மா கிடக்குமே?"

அவள் சிரித்துவிட்டாள். இங்கே யார்தான் அப்படிச் செய்யமாட்டார்கள்?

எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் அடித்த காசு. பின்பக்கம் ஆண்டுக் குறி, அருகே பன்னிரண்டைக் குறிக்கும் இரண்டு கிரேக்க எழுத்துகள். உரோமைப் பேரரசன் அந்தோனினஸ் பயஸின் பன்னிரண்டாம் ஆண்டு, கி.பி. 148 அல்லது 149. பிரதேசக் கண்காட்சிக்கான குறிப்பில் இதோடு, அவர் வயலில் கிடைத்தது என்ற வரியையும், கண்ணால் காணாமலே, எழுதிக் கையொப்பமிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, வெளிநாட்டு வியாபாரி ஒருவரின் பழைய விற்பனைப் பட்டியலில் அதே காசைக் கண்டாள். அரசனின் தாடையில் அதே உடைவு, காதருகே அதே கீறல். படத்தில் மட்டும் கரும்பச்சை நிறம். புளி போட்டது கைப்பழக்கத்தால் அல்ல, வந்த இடத்தை மறைக்க.

நேரே முத்துலிங்கத்திடம் போய்க் கேட்டாள்.

"ஓம், மகன் லண்டனில வாங்கி அனுப்பினவன். எங்கட ஊருக்கும் ஒரு பழைய கதை இருக்கட்டுமெண்டுதான்."

"அதுக்கு நானே கிடைச்சன்?"

"நீர் சொன்னா ஆரும் திருப்பிக் கேக்கமாட்டினம், தங்கச்சி."

அந்த வார்த்தைதான் அவளை வெட்டியது. இத்தனை வருடம் சேர்த்த சொல்லை, அதன் பெறுமதி தெரிந்தே எடுத்திருக்கிறார்.

பிரதேசக் கண்காட்சி தொடங்க முன்னர், பாடசாலை மண்டபத்தில் அந்தக் காசின் முன்னால் அவள் தனியே நின்றாள். அட்டையில் மூன்று வரி: ஆண்டு, கிடைத்த வயல், அடையாளம் கண்டவர் கௌசலா. பேனையை எடுத்தாள். வயலின் வரியில் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு தன் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஏனென்று இன்றுவரை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.