கதவில்லாத லாரி

சில வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து, அச்சன்புதூரில் எங்கள் வீட்டுக் கொடியில் போட்ட துணி காயாத நாட்கள். என் கணவர் ராணுவத்தில் லாரி டிரைவர். ராஜஸ்தான் பாலைவனத்தில், எல்லையை ஒட்டி ரோந்து போகிற வண்டி அவருடையது. ஆடியில் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தார். நானும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு ஓரகத்தி இருக்கிறாள். கொழுந்தனார் போலீஸ். அவர் ஜீப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிற படத்தை வாரம் ஒரு தடவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிடுவாள். போதாக்குறைக்கு ஒரு கல்யாண வீட்டில், "அத்தான் பட்டாளத்துல லாரிதான ஓட்டுதாவ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து, "நீங்க ஓட்டுத வண்டியக் காட்டுங்க, காட்டுங்க" என்று அவரை நச்சரித்தேன். தொல்லை பொறுக்காமல் ஒரு படம் அனுப்பினார். "பாத்துட்டு அழிச்சிரு" என்று கீழே எழுதியிருந்தார்.

பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மண் நிறத்தில் ஒரு லாரி. இரண்டு பக்கமும் கதவு கிடையாது. முன் கண்ணாடி கிடையாது. டயரில் காற்று பாதி இறங்கிக் கிடந்தது. பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக இரும்புப் பலகைகளைக் கட்டியிருந்தார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகிற வண்டி மாதிரி இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்து ஏழு மாதமான முகம். அழிக்க மனசு வருமா? ஸ்டேட்டஸில் போட்டேன்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. "ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? எடு அத. இப்பமே எடு."

அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "கதவுகூட இல்லாத ஓட்டை வண்டியத் தந்து ஓட்டச் சொல்லுதாவ. அதக் கேக்கத் துப்பில்ல, என்கிட்ட சத்தம் போடுதியளோ? அந்த வண்டிகூடவே கெடங்க" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்ததோடு விட்டேனா? கொஞ்சம் தவிக்கட்டும் என்று ஆஃப் செய்தும் வைத்தேன்.

சாயங்காலம் கோபம் தணிந்து, ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் பார்த்துத்தான் எல்லையில் சண்டை என்று டிவிக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். ஆறு நாள், ஏழு நாள், எட்டு நாள். சோறு இறங்கவில்லை. நான் கடைசியாகச் சொன்ன வார்த்தைதான் காதிலேயே நின்றது.

நான் செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்பதாம் நாள் பஸ்ஸில் போகும்போது, ரோட்டோரப் பட்டறையில் ஒரு பழைய பட்டாள லாரி நிற்பதைப் பார்த்தேன். ஏலத்தில் எடுத்து, மலையிலிருந்து வெட்டிய மரம் ஏற்ற வைத்திருக்கிற வண்டி. என்ன நினைத்தேனோ, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். அங்கிருந்த மெக்கானிக்குக் கையெல்லாம் கிரீஸ், நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவராம். முன்பின் தெரியாத அவரிடம் போனை நீட்டி, "அண்ணாச்சி, இந்த ஓட்டை வண்டியில போன ஆளு திரும்பி வருவாவளா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை நிதானமாகப் பார்த்தார். "ஓட்டை வண்டி இல்ல தங்கச்சி, வேணும்னே கழத்துனது. வெயில்ல கண்ணாடி மின்னுனா எங்கேயோ இருக்கவனுக்குக் காட்டிக் குடுத்துரும். குண்டு விழுந்தா குதிக்கதுக்குக் கதவு எடஞ்சல். காத்த எறக்கலேன்னா டயரு மணல்ல பொதஞ்சிரும். அப்படியும் பொதஞ்சா, அந்தப் பலகையச் சக்கரத்துக்கு அடியில போட்டு ஏறி வந்துருவாவ."

எனக்கு மூச்சு வந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "ஆனா பின்னால ஒரு கெணறும் ஒத்தை மரமும் தெரியுது பாருங்க. இத யாருக்கும் காட்டிராதிய. எந்த எடம்னு கண்டுபிடிக்க இது போதும்."

காட்டியாச்சே! ஓரகத்தி முதல் பால்காரர் வரை அத்தனை பேருக்கும் காட்டியாச்சே! அழுதுகொண்டே சொன்னேன். அங்கேயே படத்தை அழித்தேன். அந்தச் சிரிப்பும் அதோடு போயிற்று.

மெக்கானிக் என்னைத் திட்டவில்லை. ஒன்றும் ஆகாது என்று பொய்யும் சொல்லவில்லை. "பட்டாளத்துல கெட்ட சேதி மட்டும் தாமசிக்காது. இன்னும் வரலேன்னா ஆளு இருக்காவன்னு அர்த்தம்" என்றார். பிறகு அந்தப் பழைய லாரியின் கதவைத் திறந்து, "ஏறிக் கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எவ்வளவு பெரிது, எவ்வளவு கனம்! என் கணவரின் உள்ளங்கை அப்படிக் காய்த்துப்போயிருப்பது ஏன் என்று கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அன்றுதான் புரிந்தது. நான் அழ ஆரம்பித்ததும், மெக்கானிக் டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள், தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். "நான்தான்."

"படத்த அழிச்சிட்டேங்க" என்றேன்.

"சரி, சரி. ரெண்டு நிமிசம்தான் தந்திருக்காவ. அழுது தீத்துராத. அங்கன சாரல் விழுதா?"

"விழுது."

"எப்படி விழுது, சொல்லேன்."

"குடைய விரிச்சா நின்னுருது, மடக்குனா விழுது" என்றேன். சிரித்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஆடியில் அவர் வரவில்லை. வேலை ஜாஸ்தி என்றார். அருவி நூலாக இறங்குகிற மாசியில்தான் வந்தார். அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். என் ஸ்டேட்டஸ் யார் மூலமாகவோ மேலதிகாரி வரை போய், இவருடைய ஆடி லீவை ரத்து செய்துவிட்டார்களாம். இவர் என்னிடம் அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானே கேட்டபோதும், "சாரல் அடுத்த வருசமும் விழும்லா" என்று முடித்துவிட்டார்.

இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. ஆனால் எவ்வளவு கோபம் என்றாலும் போனை நான் முதலில் வைப்பதில்லை, அவரும் வைப்பதில்லை. அதனால் எங்கள் பேச்சு எப்போதும் சிக்னல் போய்த்தான் முடிகிறது, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் போனைக் காதிலேயே வைத்திருக்கிறேன்.