கட்டிலடியில் ஆறு வரிசை

என் அப்பா லுதோமிர், போலந்தின் வூச் நகர டிராம் பணிமனையில் முப்பத்தொரு ஆண்டு பிரேக் பழுதுபார்த்தார். ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டுப் பெரிய அறையின் தரையில் மண்டியிட்டார். நான்கு ஆண்டு அந்த வேலைதான்.

மீன்முள் போல் அடுக்கிய ஓக் கட்டைத் தரை அது. பல காலத்து மெழுகு அழுக்கோடு சேர்ந்து கறுத்திருந்தது. சுரண்டி எடுத்துப் புது மெழுகு பூச வேண்டும். இயந்திரம் வைத்தால் இரண்டு நாள் வேலை. ஆனால் அந்த அறையில்தான் அம்மா போக்னா படுத்திருந்தார். நுரையீரல் நோய், தூசி ஆகாது. படுக்க வேறு அறையும் இல்லை. அதனால் அப்பா கையகல எஃகுத் தகட்டால் சீவினார். தூசி எழாது, மரச்சுருள்தான் வரும். நாளுக்கு ஒன்றிரண்டு கட்டை. மேசையும் அலமாரியும் மாதத்துக்கு ஒரு சாண் நகர்ந்தன.

மெழுகு காய்ந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்குவது எப்போதும் அம்மாவின் வேலை. காலடியில் கம்பளித் துண்டுகளைப் போட்டு, வானொலியைத் திறந்துவிட்டு, அறை முழுக்க வழுக்கி ஆடுவார். கீழ்வீட்டுத் தெயோஃபிலா சத்தம் தாங்காமல், வீடுகளைச் சூடாக்கும் கணப்புக் குழாயைக் கரண்டியால் தட்டுவார். அம்மா இன்னும் பலமாகக் குதிகாலை ஊன்றுவார்.

தரை முடிந்ததும் நீதான் தேய்க்க வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

நான் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். கணக்குப் போட்டேன். வேகம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. தூசியை உறிஞ்சிக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை, அவரைக் கேட்காமலே, ஆள் வைத்துத் தூக்கிவந்தேன். அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

"தூக்கிட்டு வந்தவருக்கு டீ குடு. அதை அப்படியே கீழே கொண்டுபோகச் சொல்லு."

"இந்த வேகத்துல போனா அம்மா பார்க்கவே மாட்டாங்கப்பா."

அவர் தகட்டின் விளிம்பைத் தீட்டினார்.

அம்மா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். "போடி மக்கு. தரை முடிஞ்சா நான் எழுந்து ஆடணுமே, இந்த மூச்சை வச்சுக்கிட்டு எங்க ஆடுறது? எனக்காகத்தான் அவர் இழுத்துக்கிட்டே போறாரு. நீ தெரியாத மாதிரி இரு."

தெரியாத மாதிரி இருந்தேன். அப்பாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

அம்மா இறந்தபோது கட்டிலடியில் ஆறு வரிசை மிச்சமிருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. கட்டிலையும் நகர்த்தவில்லை. தேய்க்காத மெழுகின் மேலேயே இரண்டு ஆண்டு நடமாடினார். இந்தப் பிப்ரவரியில் அவரும் போனார்.

வீட்டை விற்றாயிற்று. வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் தரை முழுவதையும் இயந்திரத்தால் இழைத்து வார்னிஷ் அடிக்கப்போகிறார். ஐந்து நாள் விடுப்பு எடுத்துக் கட்டிலை நகர்த்தினேன்.

முதல் கட்டையைக் குதறிவிட்டேன். தகட்டைக் கட்டைவிரல்களால் அழுத்தி லேசாக வளைத்துச் சீவ வேண்டும். அப்பாவின் விரல் பட்ட இடங்கள் இரண்டும் தேய்ந்து பளபளத்தன. அங்கே விரல் வைத்ததும் சுருள் வந்தது. தகடு சூடேறி விரலைச் சுட்டது. அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

தெயோஃபிலா மேலே வந்து பார்த்தார். "வீணா முட்டியைத் தேய்ச்சுக்கிறியே. அடுத்த வாரம் எல்லாத்தையும் வழிச்செடுக்கப் போறாங்க."

"தெரியும்."

"உங்கப்பனுக்கும் சொன்னா ஏறாது," என்று இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை, நான் பூசிய மெழுகு காய்ந்திருந்தது. கட்டிலடி வரிசைகள் மட்டும் வெளிறித் தெரிந்தன. ஓக் கட்டைக்கு வெளிச்சம் பட்டுப்பட்டுத்தான் நிறம் கூடும். அதற்கு ஆண்டுகள் வேண்டும். அம்மாவின் கம்பளித் துண்டுகளைக் காலடியில் போட்டுக்கொண்டேன். எனக்கு ஆட வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு வழுக்கினேன். கால் போன இடமெல்லாம் தரை துலங்கியது. வேண்டுமென்றே குதிகாலை ஊன்றினேன். மறுபடி ஊன்றினேன்.

கீழேயிருந்து குழாயைத் தட்டும் சத்தம் வரவில்லை.

சன்னல் வரை தேய்த்து முடித்தேன். பிறகு கதவருகே போய், முதலிலிருந்து தொடங்கினேன், இந்த முறை இன்னும் மெதுவாக.