தண்ணீரில் தெரிந்த கண்கள்

கணவன் வீட்டார் எதிரில் தேலு தன் மூத்த மகளை நேராகப் பார்ப்பதில்லை. பாலைவன ஓரத்து ஊரான ஸிந்தரில் தலைச்சன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும் தாயை நாணம் கெட்டவள் என்பார்கள். அதனால் அகன்ற சுரையோட்டில் தண்ணீர் நிரப்பி, கம்பு கழுவும் சாக்கில், அதில் விழும் பில்கிசுவின் முகத்தைப் பார்த்துக்கொள்வாள். ஆறு வருடமாக அப்படித்தான்.

அந்தத் தண்ணீரில்தான் எல்லாம் தெரிந்தது. புழுதிக் காற்று வந்தால் குழந்தை கண்ணைக் கசக்குவாள். வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்புவாள். பீளை நூல் நூலாக வரும். மதியம், ஊரே மிதப்பது போல வெயில் நடுங்கும் நேரத்தில், தண்ணீர்ப் பானைக்கு அடியில் கசியும் ஈர மண்ணை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொள்வாள்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது கணவனின் அக்கா தலாத்து. தேலு கைக்குழந்தையோடு பின்னால் நடப்பாள். சொட்டு மருந்து விட்டால் ஒரு மாதம் அடங்கும், மறுபடி சிவக்கும்.

நான்காம் முறை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அலர்ஜிதான். ஆனா கருவிழில தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. இந்த மருந்தையே நீட்டினா அதுவே பார்வையக் கெடுத்துடும். உடம்புக்குள்ள வேற ஏதாவது ஒளிஞ்சிருந்து இதக் கிளப்புதான்னு பாக்கணும். மண்ணு கிண்ணு திங்கிறாளா?"

"எங்க வீட்டுப் புள்ளையா? கம்பங்கஞ்சியும் பாலும் தவிர எதையும் தொடமாட்டா!" என்றாள் தலாத்து.

தேலு சுவரைப் பார்த்தபடி நின்றாள். சுவரில் தண்ணீர் இல்லை, மகளின் முகம் தெரியவில்லை. திரும்பி நேராகப் பார்த்தாள். எத்தனை சிவப்பு!

"பில்கிசு மண்ணு திங்கிறா" என்றாள்.

அம்மாவின் வாயில் தன் பேரைக் கேட்டுக் குழந்தை கண்ணைக் கசக்கவும் மறந்தாள்.

"அடி வெக்கங்கெட்டவளே! பேரையே சொல்லிட்டியே! நாளைக்கு மடியில வச்சுக் கொஞ்சுவ போல!"

"பானைக்கு அடியில, அண்ணி. தினமும்."

"நீ எப்படிப் பாத்த?"

"தண்ணியில பாத்தேன்."

மலத்தைச் சோதித்தார்கள். குடல் புழு முட்டைகள் நிறைய இருந்தன. "புழு மட்டுந்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்" என்று டாக்டர் மாத்திரை எழுதினார். தலாத்துவே பானையை உயரமான மரத்தாங்கியில் ஏற்றினாள்.

இப்போது பில்கிசுவுக்குப் பதினொரு வயது. இடது கண்ணில் கடுகளவு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. காற்றுக் காலத்தில் அரிப்பு வரும், லேசான சொட்டு மருந்திலேயே அடங்கிவிடுகிறது. பள்ளியில் இரண்டாம் வரிசையிலிருந்து கரும்பலகை தெரிகிறது. தலாத்து இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். தேலு மகளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.