போல்ட்டை உடைத்த தங்கராஜ் சேர்

"டீச்சர், தங்கராஜ் சேர் போயிட்டாரு" என்று பள்ளிக்கூடக் காவல்காரர் தொலைபேசியில் சொன்னபோது, "பதுளைக்கா? மறுபடி ஸ்பேனர் வாங்கவா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. அவரை அறிந்த நீங்கள் என்னைக் கோபிக்க மாட்டீர்கள். விஞ்ஞானம் படிப்பித்த அந்த மனிதர் கழற்றாத பொருள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டினார் என்று நான் சொல்லவில்லை.

நான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். தோட்டத்தில் கார் ஓட்டிய முதல் பெண் நான்தான். "பாத்துக்கிட்டே இருங்க, ஒரு மாசத்துல ரோட்டோரத் தண்ணி ஓடுற கானுக்குள்ள கெடக்கும்" என்று என் மாமியார் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தார். மூன்றாம் வாரம் முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் வந்தது.

"கராஜுக்கு எதுக்குங்க? நம்ம வாசலுக்குக் கொண்டாங்க" என்றார் சேர்.

சனிக்கிழமை காலை ஜாக்கி போட்டு, டயரைக் கழற்றி, ஷொக் எப்சோபரின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். அது அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு தண்ணீர்ப் பைப்பைச் செருகி, "நெம்புகோல் தத்துவம், எட்டாம் ஆண்டுப் பாடம்" என்று சொல்லித் தொங்கினார். டக்கென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை கையோடு வர, சேர் மல்லாந்து விழுந்தார். மிச்சப் பாதி காருக்குள்ளேயே இருந்துகொண்டது. அவர் மனைவி அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பாடம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

சேர் எழும்பாமலே, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதி பளபளப்பு, பாதி துரு. அப்போதுதான் உடைந்ததென்றால் துரு ஏது? போல்ட் முன்பே விரிசல் விட்டிருந்தது. பத்து நாளைக்கு முன் தெமோதரை வளைவில் காரைக் கானுக்குள் இறக்கி, நானே ஒருவாறு ஏற்றிக்கொண்டு வந்ததை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"துரு பொய் சொல்லாது டீச்சர். ஆனா கேட்டாத்தான் சொல்லும்" என்று போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கார் பண்டாரவளை கராஜ் ஒன்றுக்குப் போனது. திங்கட்கிழமை பஸ்ஸில் வந்திறங்கிய என்னைப் பார்த்து ஊர் சிரிக்கத் தொடங்கும் முன்பே, காலைக் கூட்டத்தில் சேர் முன்னால் வந்து நின்றார். "டீச்சரோட கார ஒடச்சது நான். அவங்க ஓட்டுனதுல ஒரு கொறையும் இல்ல" என்று முழுப் பள்ளிக்கூடத்துக்கும் அறிவித்தார்.

அன்றிலிருந்து அவர் 'போல்ட் சேர்'. பிள்ளைகள் கூப்பிட்டார்கள், பெற்றோரும் கூப்பிட்டார்கள். என் மாமியாரோ காரில் ஏறும்போதெல்லாம், "ஒம்மேல தப்பில்ல தாயி, அந்தாளு கை அப்படி" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவேன். கடைசியில் மரண அறிவித்தலிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதையே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

நேற்று சாவு வீட்டில் அவர் மனைவி மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அந்தப் பாதிப் போல்ட்டை எடுத்து, "இது ஒங்களுதுதானே டீச்சர்" என்று என் கையில் வைத்தார். ஆமாம், என்னுடையதுதான். இனி என்னிடமே இருக்கும்.

சேரை அறிந்த எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் போல்ட்டை உடைக்கவில்லை. காரைக் கானுக்குள் விட்டது நான். மாமி, நீங்கள் சொன்னபடிதான் நடந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை.