விழுந்த பொம்மைக்கு என்ன நடந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை தன்னாமுனையில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைத் தோற்கடித்தார்கள். போர்த்துக்கேயர் பக்கம் நின்று தோற்றவன் நான்.

சிரிக்காதீர்கள். அறுபதை எட்டிப்பிடிக்கும் வயதில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறேன் என்று என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். "இந்த ஊரில பாத்த சண்டை உங்களுக்குக் காணாதா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்…

சிவபாதம் என் பள்ளித் தோழன். நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்பில், கடலோர நாவலடியில் வீடு இருந்தது — சுனாமி வரும்வரை. வீட்டோடு மகள் தர்சினியும் போனாள். மூன்றாம் நாள் வாவிக்கரையில் கண்டெடுத்தார்கள். அதன் பிறகுதான் அவன், மனைவி மனோன்மணி, மகன் சுதன் மூவரும் தன்னாமுனைக்கு வந்தார்கள்.

இரண்டு வருடத்தில் சுதனும் போனான். ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோனார்கள். யார் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை, வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். வன்னியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு சண்டை முடிந்தது. சுதன் வரவில்லை.

சண்டை முடிந்து இரண்டு வைகாசி கடந்துவிட்டது. அண்மையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் படிவம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மகன் இறந்துவிட்டதாக நம்புகிறோம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மரணச் சான்றிதழ் கிடைக்குமாம். சிவபாதம் போடத் தயார். பிள்ளைக்குக் கிரியையாவது செய்யலாம், மனசு ஆறும் என்பது அவன் நினைப்பு. மனோன்மணி மாட்டேன் என்றுவிட்டாள். கோயில் சடங்குகளில் தெய்வம் ஆடுபவர்களிடம் வாக்குக் கேட்டிருக்கிறாள். மூன்று கோயிலிலும் "இருக்கிறான்" என்றே சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் சொன்ன திசைதான் வேறு வேறு.

அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. "மச்சான், இடைக்கிட வந்து போடா. வீடு சத்தமில்லாமக் கிடக்கு" என்று சிவபாதம் போனில் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து மனோன்மணியின் தம்பி ரொறன்ரோவில் இருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். அத்தான் சும்மா இருந்து யோசிக்கக் கூடாதாம். அங்கே ஞாயிறுதோறும் அவன் ஒரு கிளப்பில் விளையாடும் விளையாட்டு — பழைய காலத்து யுத்தங்களைச் சின்னப் பொம்மைகளால் மேசையில் நடத்துவது. மூன்று அளவில் மாதிரிப் பொம்மைகள், இரண்டு ரூல்ஸ் புத்தகங்கள், ஒரு கடிதம். 'முதலில் எந்தக் காலத்துச் சண்டை என்று முடிவு செய்யுங்கள். பிறகு பொம்மையின் ஸ்கேல். அதற்குப் பிறகு ரூல்ஸ். இலேசான ரூல்ஸாக எடுங்கள், ஆசையில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தான். கல்யாணம் செய்யப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு புத்திமதி யாரும் சொல்வதில்லை!

எந்தச் சண்டை? அதில் எங்களுக்குள் தகராறே வரவில்லை.

"எங்கட ஆக்கள் சாகாத சண்டையா எடு" என்றான் சிவபாதம்.

மட்டக்களப்புக் கோட்டைக்காக ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் அடித்துக்கொண்டதை எடுத்தோம். அவர்களுக்குப் பீரங்கி இழுத்தவர்கள் எங்கள் ஆட்களாக இருந்திருக்கலாம். ரூல்ஸில் அவர்கள் இல்லை.

ஸ்கேலில்தான் சிக்கல். மிகச் சிறியது ஆறு மில்லிமீற்றர் — ஒரு நெல்மணி அளவு. மேசை நிறைய முழுப் படையையே நிறுத்தலாம். நடுவில் பதினைந்து. பெரியது இருபத்தெட்டு மில்லிமீற்றர் — கட்டைவிரலில் பாதி உயரம், தொப்பி, மீசை, கண் எல்லாம் தெரியும். அதற்குப் பெயின்ட் அடிப்பதற்குள் நமக்குக் கண் போய்விடும்.

சிவபாதம் ஆறுதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆயுள் முழுக்க ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்த கை அல்லவா?

"சின்னன்தான் நல்லம் மச்சான். முகம் தெரியா" என்றான்.

தேத்தண்ணியோடு வந்த மனோன்மணி அதைக் கேட்டுவிட்டாள். பெரிய பொம்மை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "முகம் இல்லாட்டி அது ஆள் இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். புருசனுக்குச் சொன்னதுதான்.

ரொறன்ரோவுக்குச் சொல்லி அனுப்பியதில் பெரியதே வந்தது, பக்கத்துக்குப் பன்னிரண்டு. சிவபாதம் ஒரு மாதம் இருந்து பெயின்ட் அடித்தான். போய்ப் பார்த்தால் ஒல்லாந்தர் பன்னிரண்டு பேரும் நல்ல மாநிறம்!

"வெள்ளைக்காரன்ட நிறமாடா இது?" என்று கேட்டேன்.

"கை தன்ட பாட்டில கலந்திட்டு மச்சான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு முதல் ஆட்டம். நீலப் பொலித்தீன் விரித்து வாவி, ஸ்பொஞ்சை வெட்டிப் பச்சை அடித்துக் கண்டல் மரங்கள். முதல் புத்தகத்தை எடுத்து ரூல்ஸை நான் சத்தமாக வாசித்தேன். அதில் ஒரு பொம்மை என்றால் இருபது பேர். அடி விழுந்தால் பொம்மையை மேசையில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

மனோன்மணி கதவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த இருபது பேரும் செத்திட்டாங்களா, அண்ணன்?"

புத்தகத்தில் விளக்கம் இருந்தது. சிலர் இறந்திருக்கலாம், சிலர் காயப்பட்டிருக்கலாம், சிலர் ஓடியிருக்கலாம், சிலர் பிடிபட்டிருக்கலாம். இனிச் சண்டைக்கு அவர்கள் உதவ மாட்டார்கள், ஆகவே எடுத்துவிடலாம். இதை அப்படியே சொன்னேன்.

"ஆர் செத்தவன், ஆர் பிடிபட்டவன் எண்டு ஆர் சொல்லுவாங்க?"

"அது இந்த ரூல்ஸில இல்ல தங்கச்சி."

சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சிவபாதம் தலையைக் குனிந்துகொண்டான்.

அவசரமாக மற்றப் புத்தகத்தைத் திறந்தேன். சின்னச் சண்டைக்கான ரூல்ஸ் அது. ஒரு பொம்மை என்றால் ஒரே ஓர் ஆள். ஆட்டம் முடிந்ததும் விழுந்தவன் ஒவ்வொருவனுக்கும் ஆறு பக்கத் தாயக்கட்டை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் இறந்தான். இரண்டு, மூன்று என்றால் காயம். நான்கு என்றால் கைதி. ஐந்தும் ஆறும் விழுந்தால் தப்பி வந்துவிடுவான்.

"இதில விளையாடுங்க" என்றாள் மனோன்மணி. கதிரையை இழுத்துப்போட்டு எங்களோடு இருந்தாள்.

ஒன்றரை மணித்தியாலத்தில் நான் தோற்றேன். என் பக்கம் ஆறு பேர் விழுந்தார்கள், சிவபாதத்தின் பக்கம் மூன்று பேர். வழக்கமான ஆட்டக்காரர்கள் இந்தக் கட்டத்தில் எழுந்து கை குலுக்குவார்களாம். நாங்கள் எழும்பவில்லை. தாயக்கட்டையை மனோன்மணி எடுத்தாள்.

ஒவ்வொரு பொம்மையாக நிமிர்த்தி வைத்து உருட்டினாள். காயம். தப்பி வந்தான். கைதி. பொம்மைகள்தானே என்று எத்தனை தடவை மனசுக்குள் சொன்னேன்… கேட்கவில்லை.

ஏழாவதாக, மாநிற முகத்து ஒல்லாந்தன் ஒருவனுக்கு ஒன்று விழுந்தது.

சிவபாதம் முகத்தைப் பொத்திக்கொண்டான். மனோன்மணி அழவில்லை. அந்தப் பொம்மையை மெதுவாக மேசையின் ஓரத்தில் படுக்க வைத்தாள். அப்புறம் எத்தனையோ நாளைக்குப் பிறகு புருசனைப் பார்த்துப் பேசினாள்.

"கடல் எண்டாலும் மகளத் திருப்பித் தந்தது. என்ட கையால மண் போட்டன். இவன் செத்திட்டான் எண்டு ஆராவது ஒரு ஆள் என்ட முகத்தப் பாத்துச் சொல்லட்டுமே. நான் தாங்குவன். அதை என்னையே எழுதித் தரச் சொன்னா, நான் எப்பிடிங்க எழுதுற?"

சிவபாதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுத வேணாம். நானும் எழுதமாட்டன்" என்றான். இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

புதிதாக விளையாட வருகிறவர்கள் எந்த ஸ்கேல் நல்லது, எந்த ரூல்ஸ் நல்லது என்று கேட்பார்களாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முகம் தெரிகிற பொம்மையாகப் பாருங்கள். விழுந்தவனுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் ஆட்டத்தை முடிக்க விடாத ரூல்ஸாகப் பாருங்கள்.

பொம்மைச் சண்டைக்கு அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது… நிஜச் சண்டை நடத்தியவர்களிடம்தான் இல்லை.